வால் வண்டி

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அண்ணனின் சைக்கிள் திரும்பி வந்த அன்று அண்ணி போன் செய்தாள்.

"வந்து பாரேன். அதுல எது எங்க இருக்கணும்னே எனக்குத் தெரியல."

அவ்வளவுதான். வாலு அப்போது பல் செட் செய்யும் கூடத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவரின் கீழ்த்தாடைக்காகப் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு நின்றவள் நின்றபடியே இருந்தாள். கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகிக் கல்லாகிவிட்டது. அண்ணன் இறந்துபோன இந்தப் பத்தொன்பது நாட்களில் இது நான்காவது கிண்ணம். முதலாளி எட்டிப் பார்த்தார். அவரே கிண்ணத்தை எடுத்துத் தட்டிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. மலைப்பாதைச் சைக்கிள் ஓட்டத்தில் கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் வர வேண்டும். அவருக்குப் பெயர் வால். தார் ரோடே கிடையாது. சரளைக்கல், காய்ந்த ஓடை, ஒரு காலத்தில் மரம் இழுத்த வண்டித்தடம் என்று நூற்றுப் பத்து கிலோமீட்டர். முந்தின நாளே, ஓட்டத்தை நடத்தும் கேப்டன் போய், பாதை பிரியும் இடங்களில் எல்லாம் போக வேண்டிய பக்கத்து மரத்தில் ஆரஞ்சு நாடா கட்டிவிட்டு வருவார். வால் அவற்றை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். சாயங்காலத்துக்குள் ஒரு நூல்கூடக் காட்டில் மிஞ்சக் கூடாது என்பது காட்டிலாகாவின் நிபந்தனை. ஏழு வருடமாக அவள்தான் வால். பாதை பிரிகிற இடம் வந்தால் வண்டி நிற்பதற்கு முன்பே அவள் கை முடிச்சைத் தேடும்.

"பொறந்ததுல இருந்தே வாலு. இப்பதான் சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்காங்க" என்று அண்ணன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அண்ணன் முன்னால் போகிற ஆள். டயர் சறுக்குகிற ஏற்றத்தில் மற்றவர்கள் இறங்கித் தள்ளும்போது, அவன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, உட்கார்ந்தபடியே ஏறிப் போய்விடுவான். போன வருடம் வந்த நிமோனியா அவனை இரண்டு மாதம் படுக்கையில் போட்டது. எழுந்து வந்தவன் பழைய ஆள் இல்லை. மெதுவாக ஓட்டலாம் என்றார் டாக்டர். மெதுவாக என்ற சொல்லை அவன் ஒரு வசவைப் போல வாங்கிக்கொண்டான்.

வாலின் வண்டிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுவிட்டால், அன்றைய கடைசி ஆள் யார் என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே மூச்சு முட்ட மிதிப்பவர்கள் உண்டு. இந்த வருட ஓட்டத்தன்று அண்ணன் அப்படி மிதிக்கவில்லை. மிதிக்க முடியவில்லை. எழுபதாவது கிலோமீட்டரில், பாதையோரப் புதர் கலைந்து கிடந்ததை வாலு பார்த்தாள். கொஞ்சம் உள்ளே, பெரிய மரத்துக்குப் பின்னால், அவனுடைய பின்சக்கரம் தெரிந்தது. தங்கை கடந்து போகட்டும் என்று ஒளிந்து நிற்கிறான்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவன் ஏதாவது நொண்டிச் சாக்கு சொல்வான், அவள் நம்புவதுபோல் நடிக்க வேண்டும், பிறகு நாற்பது கிலோமீட்டருக்கு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே உருட்ட வேண்டும். அதை அவன் தாங்க மாட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்காதவள் போல மிதித்துப் போனாள். அடுத்த தண்ணீர்ப் பந்தலில் காத்திருந்து, அவன் வந்ததும், "அட, நீ முன்னால போயிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்திருந்தாள்.

பந்தலில் இறங்கிப் பையைத் திறந்தபோதுதான் கண்டாள். உள்ளே மூன்று நாடாக்கள். மரத்துக்கும் பந்தலுக்கும் நடுவில் மூன்று பிரிவுகள். கை தன் வேலையைப் பார்த்திருந்தது.

வண்டியைத் திருப்பி விரட்டினாள். மரத்தடியில் ஆள் இல்லை. இரண்டாவது பிரிவில் வலது பக்கம் ஏற்றம், இடது பக்கம் இறக்கம். களைத்தவன் இடது பக்கம் போயிருந்தான். முந்தின மழையில் அந்தத் தடம் பாதியோடு சரிந்து போயிருந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளத்தில் அவன் உடலைக் கண்டுபிடித்தார்கள்.

போலீஸ்காரர் கேட்டபோது, "நான் அவனைப் பார்க்கல சார்" என்று அவள் வாய் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தின்மேல் மற்றவர்கள் மீதியைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் அவளுக்கு வெகுமுன்னால் போயிருக்கிறான். நாடா இருந்தும் கண்ணில் படவில்லை. கேப்டன் ஒழுங்காகக் கட்டவில்லை. கேப்டனே, "எல மறைச்சிருக்கும். கொஞ்சம் மேல கட்டியிருக்கணும். என் தப்பு" என்று இழவு வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தார். அவள் எதிர் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி வீடு இரண்டாவது மாடி. பால்கனியில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் சைக்கிளைச் சாய்த்திருந்தார்கள். ஹேண்டில் ஒரு பக்கம் திருகியிருந்தது. டயர் வரிகளில் அந்தக் காட்டின் செம்மண் காய்ந்து கிடந்தது.

"கழுவவா அண்ணி?"

"இப்ப வேணாம். உக்காரு. சாப்பிட்டியா? முகத்தப் பாத்தா சாப்பிட்ட மாதிரி இல்லையே."

"ஆச்சு."

"பொய் சொல்றதுல உங்க அண்ணனுக்குத் தங்கச்சிதான் நீ." அண்ணி சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். "நாளைக்குக் கேப்டன் வர்றாரு. நான்தான் வரச் சொன்னேன். ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாத மனுஷன் எதுக்கய்யா ஊரைக் கூட்டிட்டுக் காட்டுக்குப் போறேன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கப் போறேன். நீயும் பக்கத்துல இரு. எனக்குத் தனியாப் பேச வராது."

வாலு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. அந்தச் சத்தம் நின்றதும் அவள் அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நாடா இருந்துச்சு. நல்லாத்தான் கட்டியிருந்தாரு. நான்தான் அவுத்தேன்."

"அது உன் வேலதான? கடைசியா வர்றவ அவுக்கத்தான செய்வ?"

"நான் அவுக்கும்போது அவன் எனக்குப் பின்னால இருந்தான்."

அண்ணிக்குப் புரியவில்லை. வாலு முழுவதையும் சொன்னாள். புதர், மரம், பின்சக்கரம், குனிந்த தலை, யோசித்து வைத்த வாக்கியம், பையில் கிடந்த மூன்று நாடா. எதையும் விடவில்லை, எதையும் அழுத்திச் சொல்லவுமில்லை. அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். மடியில் வைத்திருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"ஒளிஞ்சா நின்னாரு?"

"ஆமா அண்ணி."

"உங்கிட்டயா?"

"ஆமா."

"அப்ப கடைசியா அவரப் பாத்தது நீதான்." அண்ணியின் குரல் திடீரென்று வேறு மாதிரி ஆனது. கோபம் இல்லை; பசித்தவர்கள் கேட்பதுபோல் இருந்தது. "எப்படி இருந்தாரு? மூச்சு வாங்குச்சா? நோவா? சிரிச்சாரா?"

"முகத்தப் பாக்கல."

"ஒரு தடவகூட?"

"பாத்தா, நான் பாத்தது அவனுக்குத் தெரிஞ்சிடும் அண்ணி. அதான் குனிஞ்சுக்கிட்டேன்."

அண்ணி கண்களை மூடிக்கொண்டாள். பத்தொன்பது நாளாக யார் யாரையோ கேட்டுக் கிடைக்காத ஒன்று, இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டாள் போல. அதுவும் வெறுங்கையாகப் போயிற்று.

"வேற எதுவுமே தெரியலையா?"

"கை தெரிஞ்சுது. பின்சக்கரத்தக் கையால அழுத்திப் புடிச்சிருந்தான். சும்மா உருண்டா டிக் டிக்னு சத்தம் வருமில்ல, அது வராம இருக்க. கையுறையக் கழட்டியிருந்தான். மோதிரம் தெரிஞ்சுது."

அண்ணி எழுந்து பால்கனிக்குப் போனாள். சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினாள். டிக் டிக் டிக் என்று அது ஓடியது. ஓட ஓட இடைவெளி விட்டது. நிற்பதற்கு முன் அண்ணி உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். அப்படியே நின்றாள். அவள் முதுகு மட்டும் குலுங்கியது. வாலு பக்கத்தில் போகவில்லை. போகத் தனக்கு இனி உரிமை உண்டா என்று தெரியவில்லை.

திரும்பாமலே அண்ணி பேசினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வா. கேப்டன்கிட்ட நீயே சொல்லு. பாவம், அந்த மனுஷன் தூங்கியிருக்க மாட்டாரு."

"சரி அண்ணி."

"சொல்லிட்டு, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராத."

எத்தனை நாள் என்று வாலு கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். இரண்டு மாடிப் படிகளையும் எண்ணியபடி இறங்கினாள். தெருவில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.