டெல்மரின் தூண்டிலில் கறுப்பு ஜிக்

"கயித்தைப் பிடிங்க ஹாலிஸ்! விட்டுடாதீங்க!"

கத்திக்கொண்டே ராஸ்கோ ஒரு படகிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினான். கால் வழுக்கி, முழங்கால் அலுமினிய விளிம்பில் மோதியது. உயிர் போகிற வலி. அதைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவன் தாவி ஏறியது தம்பி டெல்மரின் படகில். ஆளில்லாமல் அணையோரம் மிதந்துவந்ததை மதியம் யாரோ பார்த்துச் சொல்லி, அங்கேயே கட்டிப்போட்டிருந்தார்கள். இருக்கைக்கு அடியில் மிதவைச் சட்டை மடித்தது மடித்தபடி கிடந்தது.

"ஆளு படகுல இல்லைன்னு அப்பவே பார்த்தாச்சே, அண்ணே! இன்னும் என்ன தேடுறீங்க?" என்றார் ஏரிக் காவலர் ஹாலிஸ்.

"ஆளை இல்ல. அவன் தூண்டிலை."

மதியத்திலிருந்து ஏழெட்டுப் படகுகள் ஏரி மேற்கே கிளையாக நீளும் 'மேற்குக் கை'யைச் சல்லடை போட்டு அரித்துவிட்டன. அங்கே தேடச் சொன்னது ராஸ்கோதான். ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

மிசிசிப்பியில் மார்ச் மாதத் தொடக்கத்து வெயிலை நம்பலாம், அப்போதும் உறைகுளிராயிருக்கும் தண்ணீரை நம்பக் கூடாது. விழுந்தவனின் கைகால்களை முதலில் பிடுங்கிக்கொள்ளும். மூச்சை அப்புறம் சாவகாசமாக எடுத்துக்கொள்ளும். எதையாவது கட்டிப்பிடித்துப் பாதி உடம்பையாவது வெளியே வைத்திருந்தால் பொழுது சாயும்வரை தாங்கலாம். தாங்கியிருப்பான் என்று ராஸ்கோ பல்லைக் கடித்துக்கொண்டு நம்பினான். சூரியன் மரங்களின் தலையைத் தொட இறங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி சம்சாரம் அர்லீனைக் கேட்டேன். 'ஏரிக்குப் போறேன்'னு மட்டும் புருஷன் சொன்னாராம்," ஹாலிஸ் தலையை ஆட்டினார். "கிராப்பிக்காரங்க நீங்கல்லாம் ஒரே சாதி அண்ணே. பாதிரியார்கிட்ட பாவத்தைச் சொல்லுவீங்க, மீன் இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டீங்க."

உண்மைதான். உள்ளங்கை அகல வெள்ளி மீன் கிராப்பி. மூழ்கிய மரத்தைக் கண்டால் கூட்டமாக அண்டும். அதனால் ஆளாளுக்கு, கிறிஸ்துமஸ் முடிந்து வீதியில் எறிந்த மரங்களைப் பொறுக்கி, சிமெண்டுக் கல்லைக் கட்டி, பனிமூட்டத்தில் யாரும் பார்க்காதபோது ஏரியில் இறக்குவார்கள். எங்கே என்று கேட்டால் கை எதிர்த்திசையைக் காட்டும். அதில் டெல்மர் மன்னன். போன வசந்தத்தில், "பாலத்தடியில விறகு அடுக்கின மாதிரி நிக்குதுண்ணே" என்றான். ராஸ்கோ நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து ஓர் ஆமையைப் பிடித்து வந்தான். சர்ச்சில் மீன் வறுத்த அன்று, சோளமாவு அப்பிய கையோடு டெல்மர் அந்தக் கதையை மேசை மேசையாகச் சொன்னான். "எங்கண்ணனுக்கு ஒரு தட்டு ஆமை வையுங்கப்பா!"

ராஸ்கோ தூண்டிலைத் தூக்கினான். நுனியில் ஜிக் ஆடியது. ஈயத் தலை, இறகு வால், அவ்வளவுதான் அந்தப் பொய் இரை. ஆனால் தெரிந்தவன் கண்ணுக்கு அது வாக்குமூலம்.

"கறுப்பு வால்," என்றான்.

"அதனால?"

"கலங்கின தண்ணியிலதான் கறுப்பு கட்டுவோம். மீனுக்கு நிழலாத் தெரியும். மேற்குக் கையில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அங்க இவன் வெள்ளை கட்டியிருப்பான்."

ஹாலிஸ் நிமிர்ந்தார்.

ராஸ்கோ ஈயத்தை விரலால் எடை பார்த்தான். கடுகளவு. காற்றடிக்கிற திறந்த தண்ணீரில் இது நிற்காது. ஒதுக்கமான மூலை வேண்டும். கோலிலிருந்து தொங்கிய நூல் அவன் நெஞ்சுயரம்கூட இல்லை. கிராப்பி மேலே பார்த்தே இரை எடுக்கும். ஜிக்கை அதன் தலைக்கு ஒரு சாண் மேலே நிறுத்த வேண்டும். அப்படியானால் மீன் ஆழத்தை விட்டு மேலே வந்துவிட்டது. இந்தக் குளிரில் அது எங்கே மேலே வரும்? வாடைக்கு மறைவாக வெயில் விழுகிற வடகரைக் குடாக்களில் மட்டும்.

மீன் தொட்டியின் மூடியைத் திறந்தான். கழுத்துவரை கறுத்த ஆண் கிராப்பிகள், இன்னும் உயிரோடு செவுள் அசைத்தன. முட்டையிடக் கரை தேடும் காலத்துக் கறுப்பு.

கடைசியாகக் கொக்கி. அதன் வளைவில் செந்நிற நார் ஒன்று சிக்கியிருந்தது.

"சைப்ரஸ் பட்டை," என்றான் ராஸ்கோ.

ஹாலிஸுக்கே தெரியும். வடகரையில் தண்ணீருக்குள் சைப்ரஸ் மரங்கள் நிற்கிற குடா ஒன்றே ஒன்று, கிழக்குக் கோடியில்.

"பஞ்சாலைக் குடா! அட கடவுளே, நாம நேர் எதிர்ப்பக்கமா தேடிட்டிருந்தோம்! ஏறுங்க அண்ணே!"

படகு அலையின் மேல் அறைந்து அறைந்து பறந்தது. ஹாலிஸ் ரேடியோவில் மற்றப் படகுகளைத் திருப்பினார். பிறகு ராஸ்கோவின் காதருகே கத்தினார்: "மேற்குன்னு எதை வச்சுண்ணே சொன்னீங்க?"

"அவன் புத்தி எனக்குத் தெரியும்," என்றான் ராஸ்கோ. முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டான்.

குடாவின் வாயில் இயந்திரத்தை அணைத்தார்கள். இடிந்த பஞ்சாலையின் புகைபோக்கி கரையில் நின்றது. தேநீர் நிறத் தண்ணீர். சின்ன மின்மோட்டாரில் படகு ஓசையில்லாமல் ஊர்ந்தது. ராஸ்கோ மீன் காட்டும் திரையில் கண்ணை ஒட்டினான். மூழ்கிய கிளைகள் எலும்புக்கூடுபோல் எழுந்து நின்றன. அவற்றின் நடுவே அரிசி இறைத்தாற்போல் புள்ளிகள். கிராப்பி. வாழ்நாளில் இவ்வளவு பெரிய கூட்டத்தை அவன் பார்த்ததில்லை. வேறொரு நாளாயிருந்தால் நெஞ்சு துள்ளியிருக்கும். இன்று அந்தப் புள்ளிகளுக்குக் கீழே நீளமான நிழல் ஏதும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான்.

"டெல்மர்! டேய் டெல்மர்!"

ஒரு கொக்கு பறந்தது.

"டேய், திட்ட மாட்டேன்டா! குரல் குடுடா!"

ஹாலிஸ்தான் முதலில் பார்த்தார். கையை நீட்டினார்.

மூன்றாவது சைப்ரஸ். டெல்மர் அதைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, தன்னையும் மரத்தையும் சேர்த்து மார்பில் கட்டியிருந்தான். கை விட்டுப்போனாலும் உடம்பு முங்கிவிடக் கூடாதென்று. தலை பட்டையில் சாய்ந்திருந்தது. கண்கள் குடாவின் வாயைப் பார்த்தபடி திறந்திருந்தன.

ராஸ்கோ தண்ணீரில் குதித்தான். தம்பியின் கன்னத்தைத் தட்டினான், தோளை உலுக்கினான். ஹாலிஸ் குனிந்து கழுத்தில் விரல் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். படகில் ஏற்றி மாரை அழுத்தினார்கள், மூச்சு ஊதினார்கள், திரும்பத் திரும்ப. கறுத்த தண்ணீர் கொஞ்சம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"உடம்பு இன்னும் விறைக்கலண்ணே," என்றார் ஹாலிஸ், அழாத குறையாக. "இப்பத்தான் போயிருக்கு. ரொம்ப நேரம் தாங்கியிருக்காரு மனுஷன். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."



படகுத்துறையில் அர்லீன் நின்றிருந்தாள். யாரோ தோளில் போர்த்திய கம்பளி நழுவியதுகூடத் தெரியாமல் ஓடி வந்தாள். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். டெல்மரின் சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்தது; அதைப் போட்டுவிட்டாள்.

"யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள்.

"அண்ணன்தாம்மா," ஹாலிஸ் முந்திக்கொண்டார். "ஒரு ஜிக்கைப் பார்த்தே இடத்தைச் சொல்லிட்டாரு. வேற யாராலயும் முடிஞ்சிருக்காது. இல்லன்னா இன்னும் எத்தனை நாள் தண்ணியில கிடந்திருப்பாரோ."

அர்லீன் ராஸ்கோவின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க இருந்ததால வீட்டுக்காவது வந்துட்டாரு. இந்த நன்றியை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!"

ராஸ்கோ கையை உருவிக்கொண்டான். சுற்றி நின்ற எல்லோரும் அவனையே பார்த்தார்கள், மரியாதையோடு. அந்த மரியாதையைத் தாங்க அவனால் முடியவில்லை.

"சொன்னான், அர்லீன்," என்றான். "காலைல போன் பண்ணான். 'பஞ்சாலைக் குடாவுல இருப்பேன், மீன் அள்ளிக்கிட்டுப் போகுது, நீயும் வாண்ணே'ன்னான். வழக்கம்போல பொய் சொல்றான்னு நினைச்சேன். அதான் இவங்க கேட்டப்ப, நேர் எதிர்ப்பக்கம் மேற்குக் கைன்னு சொன்னேன்."