நூறாம் வகுப்புக் குதிரைகள்

ஆடும் மரக்குதிரைகளைச் செய்வது அக்கா. கட்டி லாரியில் ஏற்றுவது தங்கை. பெரிய கடை ஒன்றிலிருந்து முதன்முதலாக ஆர்டர் வந்தது, பன்னிரண்டு குதிரைக்கு. "சரக்குக் கட்டணம் எந்த வகுப்புல வரும்?" என்று கடைக்காரர் போனில் கேட்டபோது, தங்கை எடையை மட்டும் பார்த்துவிட்டு, "நூறாம் வகுப்புதாங்க, நான் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

சரக்கு அலுவலகத்தில் அளவெடுப்பவருக்கு டேப்காரர் என்றே பெயர். அவர் டேப்பைத் தரையிலிருந்து குதிரையின் காது நுனிவரை இழுத்தார்.

"முதுகுக்கு மேல இருக்கற காத்தும் கணக்குல சேரும்மா. இடம் கூடினா அடர்த்தி குறையும், அடர்த்தி குறைஞ்சா வகுப்பு ஏறும், கட்டணமும் ஏறும். இது நூத்தியெழுபத்தஞ்சு."

நூறைத் தாண்டினால் ஆர்டர் வேண்டாம் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் லாரி கிளம்பிவிடும்.

"எடை பாக்கத் தெரிஞ்ச மகராசிக்கு இடம் பாக்கத் தெரியலியே!" என்றாள் அக்கா. "காதை அறுத்துடட்டுமா?"

"நீ கொஞ்சம் சும்மா இரு அக்கா!"

பட்டறைக்குத் திரும்பியதும் தங்கை ஒரு குதிரை முதுகில் போர்வையை விரித்து, இன்னொன்றைத் தலைகீழாக, எதிர்ப்பக்கம் பார்க்க வைத்துக் கவிழ்த்தாள். அட! ஒன்றின் தலை மற்றதன் வால் பக்கத்துக் காலி இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாவம்டி, காலைத் தூக்கிட்டுக் கிடக்கு!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அடுத்த குதிரையைத் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

இருந்தும் உயரம் இடித்தது. "அக்கா, அடியில இருக்கற வளைவுக் கட்டையைக் கழட்டிடலாமா?"

"ஆடாத குதிரையை எவடி வாங்குவா?"

"நாலு ஸ்க்ரூதானே? அங்க போய் மாட்டிப்பாங்க."

அக்கா முறைத்தாள். முறைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கழற்றிய கட்டைகளையெல்லாம் குதிரைக் கால்களுக்கு நடுவே செருகி, பெல்ட் போட்டு இறுக்கினார்கள்.

சரக்கு அலுவலகத்தில் டேப்காரர் மறுபடி அளந்தார், எடை போட்டார், கால்குலேட்டரைத் தட்டினார். புருவம் மேலே போனது.

"கன அடிக்கு எட்டு பவுண்டுக்குக் குறையாம இருந்தா நூறு. உங்களுக்கு எட்டரை வருது."

"இன்னொரு தடவை அளங்க சார்," என்றாள் தங்கை.

அக்கா அவள் கையை நறுக்கென்று கிள்ளினாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"யாராவது வழியில அளந்தாலும் மாறக் கூடாதுல்ல?"

அவர் அளந்தார். எட்டரையேதான். "நூறாம் வகுப்பு!" என்று சீட்டில் முத்திரையைக் குத்திவிட்டு, மற்ற ஆட்களைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்கய்யா, கட்டினா இப்படிக் கட்டணும்!"

தங்கை போட்ட கூச்சலில் பளுதூக்கி வண்டி ஓட்டியவர் பதறி பிரேக் போட்டார். அக்கா அவளை அப்படியே கட்டிப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பன்னிரண்டு குதிரைகளோடு லாரி வாசலைத் தாண்டியதும், தங்கை கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"நூறுதாங்க. கெளம்பிடுச்சு."