பதினோரு பக்கம் பாக்கி

"நெறைய ஊத்துளா. என்னத்துக்கு எண்ண விடுத மாதிரி விடுத?"

செல்லத்தாய் அத்தை அதட்டிய பிறகுதான் அனுசியா தன் கையைப் பார்த்தாள். செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் ஊற்றியது ஒரு மிடறு இருக்கும். பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவின் நெஞ்சில் விழுந்து, விலாப் பக்கமாக வழிந்து, அதோடு நின்றுவிட்டது.

அப்பாவைக் குளிப்பாட்டத் தெருமுனைக் குழாயில் நீர்மாலை எடுத்து, தலைக்கு மேல் நான்கு பேர் வேட்டி விரித்துப் பிடித்து வர, அண்ணன் செந்தில்முருகன் சுமந்து வந்த குடம் காலடியில் தளும்பிக்கொண்டிருந்தது. அதுபோக ஓர் அண்டா, இரண்டு வாளி. நான்கு வருஷமாக நாளைக்கு எழுநூறு மில்லி என்று அளந்து குடித்த மனுஷனுக்கு, இன்று முத்தையாபுரத்தில் பாதித் தெரு தண்ணீர் சுமந்திருந்தது. உயிரோடு இருக்கும்போது ஒரு டம்ளர் கூடக் கேட்டால் வீடே சேர்ந்து சண்டை போட்டது.

அனுசியா மறுபடி ஊற்றினாள். தோள், கழுத்து, இடது கை. அந்தக் கைக்கு வந்ததும் அவள் விரல் தன்னால் நின்றது. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அது. தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போல ஓர் ஓட்டம் தெரியும். தினமும் எழுந்ததும் அந்த ஓட்டம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. இன்று விடியற்காலை ஐந்து மணிக்கும் தொட்டாள். ஓட்டம் இல்லை. திங்கட்கிழமை, ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நாள். அங்கே வாசித்துக் காட்டுவதற்குப் புத்தகத்தைக்கூடப் பையில் வைத்திருந்தாள்.

"போதும், எந்திரி," என்று அத்தை தோளைத் தொட்டாள். அனுசியா எழுந்திருக்கவில்லை. செம்பில் மிச்சமிருந்ததையும் அந்தக் கைமேல் ஊற்றிவிட்டுத்தான் எழுந்தாள்.

காசிலிங்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐம்பது அடி உயரத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஊராரின் பெட்டிகளைத் தூக்கி இறக்கியவருக்கு, சிறுநீரகம் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது பெரிய தண்டனையாக இருந்தது. முதல் மாதம் முழுக்க விட்டத்தைப் பார்த்தார். இரண்டாம் மாதம் துணைக்கு வந்த மகளின் கையைப் பார்த்தார்.

"என்னளா அது, அட்டையில ஒருத்தன் பல்லக் காட்டிட்டு நிக்கான்?"

"ரத்தக் காட்டேரி கதப்பா. இங்கிலீஷ்ல. மொத்தம் ஏழு பாகம். காலேஜ் பிள்ளையள்லாம் வாசிக்கது. அவனுக்கு ஒரு பொண்ணு மேல ஆச."

"நம்ம சுடலமாடனும் வருசா வருசம் ரத்தம் குடிக்காரு. அவருக்கு எவளாவது லவ் லெட்டர் எழுதுதாளா?" வார்டே சிரித்தது. அவர் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த மெஷினைக் காட்டி, "சரி வாசி. இங்கனயும் உறிஞ்சத்தான செய்யுது," என்றார்.

அன்று பிடித்தது. ஆங்கிலத்தில் கண்ணை ஓட்டி, தமிழில் வாயால் சொல்லிக்கொண்டே போவாள் அனுசியா. அதில் வருகிற ஆல்ட்ரின் என்ற பயலுக்கு இருநூறு வயது, பார்க்கப் பதினெட்டு. ரத்தம் குடித்தாலும் தாகம் அடங்காது. தண்ணீர் வாயில் பட்டால் சாம்பலாக ருசிக்கும். ஓர் இடத்தில் அவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் அள்ளிக் குடிப்பதை இராவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். அதை வாசித்தபோது அப்பா ஊசி போடாத கையைத் தூக்கினார்.

"நில்லு. அத இன்னொருக்கா வாசி."

வாசித்தாள்.

"எழுதுனவளுக்குத் தாகம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் அம்மா சண்முகத்தாய் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்த தண்ணீர் பாட்டில் அனுசியாவின் நினைவுக்கு வந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே ஊற்ற அம்மாவுக்கும் மனசு வராது, ஊற்றாமல் இருக்கவும் மனசு வராது.

ஆறு பாகம் முடிந்து ஏழாவது, கடைசிப் பாகம் வந்தது. மலைமேல் ஒரு சுனை. அதைக் குடித்தால் ஆல்ட்ரின் மனுஷனாகிவிடுவான். தாகம் தீரும். ஆனால் எல்லாரையும் போல நரைக்கும், நோகும், ஒரு நாள் சாகவும் செய்வான். குடிக்கிறானா இல்லையா என்பதுதான் கதை. மாசி மாதம் அவனைச் சுனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது பதினோரு பக்கம் பாக்கி இருந்தது.

அந்த வாரந்தான் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இருதயம் களைத்துவிட்டது, மாசக் கணக்கு சொல்ல முடியாது என்றார். வார்டுக்குத் திரும்பி வந்தாள். "என்ன, குடிச்சானா?" என்று அப்பா கேட்டார். அவள் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் திருப்பாமலே, "இல்லப்பா, திரும்பிட்டான்," என்றாள்.

முடிவு தெரியாமல் அப்பா போகமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. எம்.காம். படித்து, துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் கப்பல் கப்பலாகக் காகிதம் பார்க்கிற பெண்தான். ஆனால் உயிர் என்று வரும்போது யாராக இருந்தாலும் வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டத்தான் செய்கிறோம். தானும் அந்தப் பக்கங்களைப் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

கதைக்குக் காலேது. ஆல்ட்ரின் மலையிறங்கினான், கப்பலேறினான், புயலில் மாட்டினான். போன வாரம் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, துரத்தி வந்தவர்களுக்குத் தப்பிக் கிரேன்மேல் ஏறிவிட்டான்.

"ஏறுனதும் காத்து எந்தப் பக்கம்னு பாத்தானா?" என்றார் அப்பா.

"பாத்தாம்ப்பா."

"அதான. பாக்காம கைய வச்சான்னா கொக்கி ஆடிரும்." கண்ணை மூடியபடி மேலும் அரைமணி நேரம் அந்தக் கிரேனை எப்படி ஓட்டவேண்டும் என்று அவர்தான் சொன்னார். அவள் ஆல்ட்ரினை அப்படியே ஓட்டவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஊசியைக் கழற்றும்போது கேட்டார். "இன்னும் எவ்வளவுளா கெடக்கு?"

"நூறு பக்கம் இருக்கும்ப்பா."

"கெடக்கட்டும்," என்றார். அதன்பிறகு கதையைப் பற்றி அவர் பேசவில்லை.

நூறு பக்கம். வாய் கூசாமல் சொன்ன அந்தப் பொய் இப்போது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. பதினோரு பக்கந்தானே, அரைமணி நேரம். சொல்லியிருந்தால் தெரிந்துகொண்டு போயிருப்பார். தண்ணீரைத்தான் டாக்டர் அளக்கச் சொன்னார். கதையை அளந்தது அவள்.

நாலு மணிக்குப் பாடைத் தேர் கட்டி முடிந்தது. புது வேட்டி, நெற்றியில் திருநீறு. அண்ணன் திருப்பூரிலிருந்து மதியம்தான் வந்து சேர்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. பையிலிருந்து தலைகாட்டிய தடித்த புத்தகத்தை எடுத்து வந்து கேட்டான்.

"அப்பா கேட்டுட்டு இருந்தது இதானளா? கூட வச்சிரவா?"

அவள் வாய் திறப்பதற்குள் அத்தை வந்துவிட்டாள். "பேய்ப் பொஸ்தகத்தயா வைக்கப் போற? ரத்தங் குடிக்கவன் கதைய நாலு வருசமா காதுல ஊத்தி ஊத்தியே எந்தம்பி ரத்தத்த உறிஞ்சிட்டாளே பாவி மக!"

வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா மட்டும் மூலையிலிருந்து, "மைனி, அவ வாசிக்கும்போதுதான் அவுக தண்ணி கேக்காம இருந்தாக," என்றாள். பகல் முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

அனுசியா அண்ணன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "வேண்டாம்ணே. இன்னும் முடியல."

தேர் தெருமுனை திரும்பியது. சங்குச் சத்தம் தேய்ந்தது. வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தபோது ஸ்கூட்டியில் ஜெப்ஸி வந்து இறங்கினாள். டயாலிசிஸ் வார்டு டெக்னீஷியன், சாத்தான்குளத்துக்காரி. அப்பாவுக்கு நான்கு வருஷம் ஊசி போட்டவள். அவர் அவளை வாய் நிறையக் "காட்டேரி" என்றுதான் கூப்பிடுவார். வார்டு உடுப்போடேயே வந்திருந்தாள்.

"போயிட்டாரா? மதிய ஷிப்ட் ஆள் வரல அனு. விட்டுட்டு வர முடியல." ஈரத்தரையில் நின்றபடியே அழுதாள். அழுது முடித்ததும் அனுசியாவின் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

அனுசியாவுக்குத் தாங்கவில்லை. "நான் அவர ஏமாத்திட்டேன் ஜெப்ஸி. பதினோரு பக்கத்த ரெண்டு மாசமா இழுத்தேன். முடிவ சொல்லாமலே அனுப்பிட்டேன்."

ஜெப்ஸி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முடிவு. நான் இந்த ஏழும் வாசிச்சவ அனு. நீ அவன மலையவிட்டு எறக்குனன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, இது புஸ்தகத்துல இல்லன்னு. பங்குனியில ஒரு நாள் நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. அண்ணாச்சி என்னயக் கூப்பிட்டு, 'ஏ காட்டேரி, அந்தப் பய கடைசில தண்ணி குடிச்சானா இல்லயா?'ன்னு கேட்டாரு. குடிச்சிட்டான் அண்ணாச்சின்னேன். பொறவு, 'எவ்வளவு?'ன்னாரு."

அனுசியா நிமிர்ந்தாள்.

"ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி, வயிறு முட்டக் குடிச்சான்னு சொன்னேன். 'நல்ல பய'ன்னாரு. அப்புறந்தான் சொன்னாரு. 'எம் பிள்ளைட்ட சொல்லிராத. கத முடிஞ்சா நான் போயிருவேன்னு நெனைக்கா. அவ பாட்டுக்குச் சொல்லட்டும்'னு. கிரேன் கதய எங்கிட்ட மறுபடியும் சொல்லிக் காட்டுனாரு அனு. புஸ்தகத்துல இல்லாத எடந்தான் நல்லாருக்காம்."

அனுசியாவுக்குச் சிரிப்பு வந்தது. துஷ்டி வீட்டில் சிரிக்கக்கூடாதே என்று வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது. விடியற்காலையிலிருந்து வராத அழுகை. அத்தை ஓடிவந்து, எதுவும் கேட்காமல், அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம், அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கும் செம்பில் தண்ணீரும் வைக்கவேண்டும். போன உயிர் திரும்பி வந்து பார்க்கும், தாகத்துக்குக் குடிக்கும் என்பது வழக்கம். அம்மா அடுப்படியிலிருந்து செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். அனுசியா எட்டிப் பார்த்தாள். அரைச் செம்புக்கும் கீழே இருந்தது. அம்மாவும் அப்போதுதான் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பழக்கதோசம்," என்றாள்.

அனுசியா குடத்தைத் தூக்கி வந்து செம்பில் ஊற்றினாள். விளிம்பு தொட்ட பிறகும் ஊற்றினாள். தண்ணீர் வழிந்து, கழுவித் துடைத்த தரையில் விளக்கு வரைக்கும் ஓடியது. அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கடியில் உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் அவள் வாசித்தாள். வாய்விட்டு, தமிழில், ஒரு வரி கூட்டாமல். ஆல்ட்ரின் குடித்தான். வார்டில் வாசிக்கிற அதே சத்தத்தில்தான் வாசித்தாள்.

காலையில், சுடுகாட்டுச் சாம்பலைக் குளிர்விக்கும் காடாற்றுக்குப் பாலும் இளநீரும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த அண்ணன், கூடத்தில் குனிந்து நின்றவளைக் கூப்பிட்டான்.

"என்னளா பாக்க?"

செம்பில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்திருந்தது.

"சித்திர மாசம்லா. மேல ஃபேன் வேற ஓடுது," என்றான் அண்ணன். "கொறையத்தான் செய்யும்."

"ஆமாண்ணே," என்று சொல்லிவிட்டு, அனுசியா குடத்தை எடுக்கப் போனாள்.