பாப்பாவிடம் கேட்ட கேள்வி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஈப்போ நீதிமன்றக் கேன்டீனில் பக்கத்து மேசைப் பெண் தன் வழக்கறிஞரிடம் "ஒத்துக்கமாட்டேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. அவளிடம் பேசிக் கதையைக் கேட்டு, அன்றே முதல் வரியை எழுதினேன்:

கலாதேவி அன்று போதையில் இருந்த—

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் நானும் அரசுத் தரப்பு.

2

கலாதேவி பிறந்த ரப்பர் தோட்டம் வீட்டுமனையாகிவிட்டது. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம். பக்கத்து மெஷினில் வேலை பார்ப்பவள் பாப்பா.

தீபாவளி விருந்து, மதியம், தொழிற்சாலைக் கேன்டீனில். கலாதேவி குடித்தது ஒரு கிளாஸ் தே ஓ, பாலில்லாத தேநீர். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில். இடையில் நாற்காலியைத் தூக்கி வீசியிருக்கிறாள். பாப்பாவின் நெற்றியில் ஏழு தையல். கலாதேவியின் ரத்தத்தில் போதை மாத்திரை.

3

காயப்படுத்திய குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு போய்விடும், வேலையும் தங்கும் என்றான் சூப்பர்வைசர் பவித்ரன். வழக்கறிஞர் மாதுமை வேறு வழி சொன்னார். தானாக ஏற்றிக்கொண்ட போதையைச் சட்டம் மன்னிக்காது. சம்மதமில்லாமல் இன்னொருவர் ஏற்றிவிட, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்திருந்தால் விடுதலை உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது கலாதேவிதான்.

[இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவளிடமே படித்துக் காட்டினேன். "நான் அழலண்ணே. பாப்பா வீட்டுக்குப் போனேன்" என்றாள்.]

4

"ஒன்ன அடிச்சது என் கைதான். அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா போதைய நானா ஏத்திக்கிட்டேன்னு எவன் சொன்னாலும் விடமாட்டேன்லா."

 பவித்ரன் சிரித்துக்கொண்டே அந்தக் கிளாஸில் எதையோ போட்டுக் கலக்கியதைப் பார்த்ததாகவும், சீனி என்று நினைத்ததாகவும் பாப்பா சொன்னாள். கோர்ட்டில் சொல் என்று கலாதேவி கேட்கவில்லை.*

* சாட்சியைப் பார்க்கப் போனதற்கு மாதுமை கடுமையாகக் கடிந்துகொண்டார். அதையும் எழுதச் சொன்னவள் கலாதேவி.

5

பாப்பா வந்தது அரசுத் தரப்புச் சாட்சியாக. மாதுமை குறுக்கு விசாரணையில் கேட்டார்: "கலாதேவியின் கிளாஸில் யாராவது எதையாவது கலந்ததைப் பார்த்தீர்களா?"

பின்வரிசையில் பவித்ரன் உட்கார்ந்திருந்தான்.

ஒரு முடிவில் "பார்த்தேன்" என்று எழுதினேன். இன்னொன்றில் "ஞாபகமில்லை." மூன்றாவதில் பாப்பா—

மூன்றையும் கலாதேவி தள்ளிவைத்தாள். "அவ என்ன சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்கமாட்டேன். அத மட்டும் எழுதுங்கண்ணே."

எழுதிவிட்டேன். பாப்பாவின் பதிலை நீங்கள் எழுதுங்கள். எழுதும் முன் ஒன்று: மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளும் அதே பவித்ரனிடம்தான் வேலைக்குப் போக வேண்டும்.