இடுக்கி பிடித்த தலை

"ஆத்தாடி, காதைச் சுட்டுட்டீகளே!" என்று துள்ளினாள் மாயக்காள். மதினி அன்னத்தாய் அவள் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

"அசையாதடி. அங்கன பங்களாவுல துரைசானி ஒருநாளாச்சும் கத்துனதுண்டா?"

துரைசானிக்கு அது தலையெழுத்து. மாயக்காளுக்கு என்ன வந்தது? அன்னத்தாய் கல்யாணத்துக்கு முன்னால் மலைமேல் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் ஆயாவாக இருந்தவள். சீமைக்குத் திரும்பிய துரைசானி விட்டுப்போன இரும்பு இடுக்கியைச் சீதனம் மாதிரி மயிலாடும்பாறைக்குக் கொண்டுவந்திருந்தாள். கரி அடுப்பில் காயவைத்து, அதன் தட்டை வாயால் முடியைக் கவ்வி இழுத்தால் நெளிவெல்லாம் நிமிர்ந்துவிடும். தேவாரம் ஊரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அதைத் தேடி எடுத்துவிட்டாள்.

"இந்தப் பறட்டைத் தலையோட போய் நின்னா காறித் துப்பிட்டுப் போவாக."

பறட்டையாம்! சீப்புக்கு அடங்காது, உண்மைதான். நேற்றுவரை அது யார் கண்ணையும் உறுத்தவில்லையே! எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது மாயக்காளுக்கு. ஆனால் மாப்பிள்ளை தவசியை அவள் வீரபாண்டித் திருவிழாவில் பார்த்திருக்கிறாள், சிவப்புத் தலைப்பாகையும் சிரிப்புமாக. அந்தச் சிரிப்புக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். கடைசியில் முடி விளக்குமாற்றுக் குச்சியாக நேரே தொங்கியது.

தவசியின் தாய் மொக்கம்மாள் வந்ததும் வராததுமாகப் பெண்ணைத் திருப்பி நிறுத்தினாள். பின்னலை அவிழ்த்து, விரலால் உருவிப் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது.

"கோரைமுடி! இவ காலெடுத்து வச்சா என் வீட்ல விளக்கெரியுமா? எந்திரிலே தவசி, போவோம்."

நேராக விழும் முடி குடும்பத்துக்கு ஆகாதென்பது ஊரறிந்த நம்பிக்கை. பங்களாவாசம் அன்னத்தாய்க்கு அதை மறக்கடித்திருந்தது.

"இல்லத்தே, சுருட்டைதான்! நாந்தான் இடுக்கியால இழுத்துவிட்டேன்" என்று உளறினாள்.

"யாரு காதுல பூச்சுத்துறே?"

மாயக்காள் விறுவிறுவென்று முற்றத்துக்குப் போனாள். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றினாள். உதறிக்கொண்டு வந்து நின்றபோது முடி நெளிந்து நெளிந்து மேலேறிக்கொண்டிருந்தது.

மொக்கம்மாளுக்கு வாயெல்லாம் பல். "அட, மகாலட்சுமி! இதையா மறைச்சீக? வெத்தலைத் தட்டை மாத்திக்கிருவோம்."

இப்போதுதான் மாயக்காளுக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. சற்று முன்னால் மூதேவி, இப்போது மகாலட்சுமி. நடுவில் வந்தது நாலு செம்புத் தண்ணீர்! நெளிவு ஆகாதென்று ஒருத்தி சுட்டாள், நெளிவு இல்லையென்று ஒருத்தி எழுந்தாள். தலை யாருடையது என்று கேட்க நாதியில்லை. தவசியாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்துவோம் அத்தே" என்றாள். "முதல்ல உங்க மகனைத் தலைப்பாகையை அவுக்கச் சொல்லுங்க. அவரு முடி கோரையா சுருட்டையான்னு நானும் உருவிப் பாக்கணும்ல?"

"ஆம்பளைக்கு என்னடி முடியும் மசுரும்!" என்று சீறினாள் மொக்கம்மாள்.

அதற்குள் தவசியின் இரண்டு கைகளும் தலைப்பாகையை இறுக்கிப் பிடித்திருந்தன.

மாயக்காள், அவர்கள் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டை எடுத்து அவனிடமே நீட்டினாள். வாங்கிக்கொள்ளத்தான் அவனுக்குக் கை ஒழியவில்லை.