வட்டத்துக்கு ஏது முதுகு

கரி உதட்டில் இறங்குகிறது, உப்பும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு கசப்பு, துடைக்கக் கூடாது, வேஷம் கலைந்துவிடும் என்று டிராமா சார் சொல்லியிருக்கிறார், இடுப்பில் கட்டிய மாவிலை தொடையைக் குத்துகிறது, டேப்பில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, ஹூ ஹா என்று கத்த வேண்டும், பள்ளி ஆண்டு விழா மேடையில் ஆறாம் வகுப்பு ரங்கி கத்துகிறாள், முன்வரிசையில் சிரிக்கிறார்கள், அதைப் பாராட்டென்று நினைத்து இன்னும் உரக்கக் கத்துகிறாள், பைத்தியக்காரி, இருளர் பிள்ளைக்குக் கரி பூசி இருளர் வேஷம் போட்ட கூத்து வேறெங்கே நடக்கும், கேட்டுக்கு வெளியே அப்பா நிற்கிறார், மகள் ஆட்டத்துக்குத் தானே ஊத வேண்டுமென்று கொகலை, அந்த நீளக் குழலை, வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கி மலையிறங்கி வந்தவர், இதுல உம்புள்ள யாருங்க என்று வாட்ச்மேன் கேட்டானாம், அப்பா அவளையே பார்த்தபடி, எம்புள்ள இதுல இல்லீங்க என்றாராம், மறுநாள் அவளிடமே சொல்லிச் சிரித்தான் அந்த வாட்ச்மேன்.

அப்புறம் அப்பா அந்தக் கேட்டுக்குள் கால் வைத்ததே இல்லை, அவள் படித்து முடித்து இதே பள்ளிக்கு டீச்சராக வந்தபோதும் இல்லை, தலைமையாசிரியை ஆனபோதும் இல்லை, அவரைக்காயோ தேனோ கொண்டுவந்தால் கேட்டுக்கு மேலாக நீட்டுவார், உள்ள வாப்பா என்றால், வேல கெடக்குது அம்மிணி என்பார், மனுஷனுக்கு அப்படியொரு பிடிவாதம், அதில் பாதி தனக்கும் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், இல்லாவிட்டால் ஆண்டு விழாவே வேண்டாம், சுற்றியுள்ள இருளர் பதிகளிலிருந்து எல்லோரும் வரட்டும், நம்ம ஆட்டம் நம்ம மைதானத்தில் நடக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருப்பாளா.

இதோ வந்துவிட்டார்கள், ஜீப்பிலும் நடந்தும், இடுப்புக் குழந்தைகளோடும், மைதானம் கொள்ளவில்லை, ஆனால் பி.டி. சார் வழக்கம்போல மேடை போட்டு, நாற்காலிகளை வரிசையாக அடுக்கி, ஆடுகிறவர்களை விருந்தினரைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார், மத்தளம் அடிக்கிறது, ஒருத்தருக்கும் கால் எழவில்லை, இடம் வலம் தெரியாமல் முட்டிக்கொள்கிறார்கள், பிள்ளைகள் முகத்தில் அவள் அந்தக் கரியைப் பார்க்கிறாள், இல்லாத கரியை, மேடையேறி, கீழ இறங்குங்க எல்லாரும், மண்ணுல வட்டம் கட்டி ஆடலாம் என்கிறாள், பி.டி. சார் பதறி ஓடி வருகிறார், நல்ல மனுஷன்தான், டீச்சர், வந்தவங்களுக்கு முதுகக் காட்டுனா மரியாதையா இருக்குங்களா, வட்டத்துக்கு ஏதுங்க சார் முதுகு, நாற்காலியச் சுத்திப் போடுங்க, இல்லீன்னா அவங்களையும் ஆடச் சொல்லுங்க.

மத்தளக்காரர்கள் நடுவில் உட்கார்ந்தார்கள், வட்டம் தானாகவே கூடியது, கால்கள் பிடித்துக்கொண்டன, ஆனாலும் குழலில்லாத ஆட்டம் உப்பில்லாத சோறுதான், இந்தப் பக்கத்தில் கொகல் ஊத அப்பாவை விட்டால் ஆளில்லை, அவரோ கேட்டுக்கு வெளியே, கக்கத்தில் அதே வேட்டிச் சுருளோடு, கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை, கூப்பிட்டு வருகிற ஆளென்றால் எப்போதோ வந்திருப்பார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினாள், முன்னால் இரண்டடி, பின்னால் ஓரடி, ஊரே பார்க்கத் தலைமையாசிரியை ஆடுகிறாள், வெட்கம் போன இடம் தெரியவில்லை, ஒருதரம் சுற்றி வந்திருப்பாள், முதுகுக்குப் பின்னால், கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து, கொகல் எழுந்தது, அவள் திரும்பவில்லை, திரும்பினால் அடி தப்பும், குழலே நடந்து நடந்து நெருங்கி வந்தது, வட்டம் வழிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது, விருந்தினர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

மூச்சு வாங்க ஆட்டம் நின்றபோது பி.டி. சார் தண்ணீர்ச் சொம்போடு வந்தார், யாரென்று தெரியாமல் அப்பாவிடமே குனிந்து கேட்டார், ஐயா, உங்க புள்ளயும் இங்க படிக்குதுங்களா, அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கொகலாலேயே அவளைச் சுட்டிக் காட்டினார், அதா, அந்தப் புள்ள எம்புள்ளைங்க.

வியர்வை உதட்டில் இறங்கியது, வெறும் உப்பு, வேறு ஒரு கசப்பும் இல்லை, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்து விரித்துப் பார்த்தாள், துணியில் ஒன்றும் ஒட்டவில்லை, அவளுடைய கறுப்பு அவள் முகத்திலேயே இருந்தது.