பிறந்த வீட்டுக் கோடிப் புடவை

என் அப்பா குமாரவேலுவுக்குப் பேய் பிடித்திருப்பதாகப் பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேச்சு. பிடித்தது வேறு யாருமில்லை, என் அக்கா நீலாம்பாள்தான். பட்டப்பகலில் வருவாள். மத்தியானச் சாப்பாட்டுக்காகத் தெருவில் தறிச் சத்தமெல்லாம் அடங்கும்போது, அப்பா மட்டும் தறிக்குழியை விட்டு ஏறாமல் உட்கார்ந்திருப்பார். "தோ வந்துட்டா. குளுருதுப்பாங்கறா" என்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வரும்.

வராமல் என்ன செய்யும்? அக்கா டேனியல் மாமாவைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கே, "எனக்கு சங்கீதா ஒருத்திதான் பொண்ணு" என்று என்னைக் காட்டி நடுத்தெருவில் நின்று சொன்னவர் அவர். மாமா கிறிஸ்தவர் என்பதைக்கூட விழுங்கியிருப்பார். எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு பேரும் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு மியூசியத்தில் மாமாவுக்குக் காவலாளி வேலை. போன ஐப்பசியில் அக்கா காய்ச்சலில் செத்துப்போனாள். எனக்கு அப்போது நிறைமாதம். அப்பா போகவில்லை, அம்மாவையும் விடவில்லை.

கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போய் அவள்மேல் விழ வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் அதை விடுவதில்லை. மாமாவின் அம்மா லில்லி, கோடி வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லிப் பொழுது சாயும்வரை சவப்பெட்டியை மூட விடவில்லையாம். ஊரார் வீட்டு மணப்பெண்களுக்கெல்லாம் கூறைப்புடவை நெய்கிற வீடு எங்களுடையது. அந்த வீட்டுப் பெண் மாமியார் வாங்கிய சேலையோடு மண்ணுக்குள் போனாள். அவள் வந்து கேட்பது கோடியைத்தான் என்று தெருவே முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

விபூதி, தாயத்து, மந்திரிப்பு எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அப்பாவே ஒருநாள் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்றைத் தறியிலிருந்து அறுத்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "நாகப்பட்டினம் போவலாம்மா. நீ கூட வா."

நான்தான் மாமாவுக்குப் போன் போட்டேன். "வாங்க. மத்தியானம் வரைக்கும் டூட்டி. மியூசியத்துக்கே வந்துடுங்க, அங்கேருந்து கல்லறைக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றார்.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அப்பா பையை மடியிலிருந்து இறக்கவில்லை. மியூசிய வாசலில் மாமா காக்கிச் சட்டையில் நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். "வாங்க மாமா" என்றார் அப்பாவிடம். அப்பா நிலைப்படியைப் பார்த்தார். அத்தனை தூரம் வந்தும் அந்த வீம்பு போகவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாத்து ஆளு வந்ததும் கெளம்பலாம். வெளில வெயிலு, உள்ள இருங்க" என்று மாமா எங்களை உள்ளே அனுப்பினார்.

உள்ளே ஏசி. வெயிலில் வந்த உடம்பு சில்லிட்டது. அந்தக் காலத்தில் சீனாவுக்கெல்லாம் கப்பல் போன துறைமுகமாம். கடலுக்குள்ளிருந்தும் மண்ணுக்குள்ளிருந்தும் எடுத்ததையெல்லாம் அடுக்கியிருந்தார்கள். ஓட்டை போட்ட நங்கூரக் கல், சோழர் காசு, சோழி, பூப்போட்ட பீங்கான் ஓடுகள். எங்கள் வீட்டில் உடைந்தால் அம்மா திட்டிக்கொண்டே குப்பையில் போடுகிற சில்லுக்கு இங்கே தனி விளக்கு. எல்லாம் செத்தவர்கள் தொட்ட சாமான்கள் என்று நினைத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. ஆனாலும் யாரோ பின்னாலேயே வருவதுபோல இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

கடைசி அறை இருட்டாக இருந்தது. நடுவில் நீளமான கண்ணாடிப் பெட்டி. அதற்குள், தோண்டிய மண்ணோடு அப்படியே பெயர்த்து எடுத்த எலும்புக்கூடு. ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தது. மணிக்கட்டு எலும்பில் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று கழலாமல் இருந்தது. பெண், இளவயது, பதினோராம் நூற்றாண்டு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அக்காவும் அப்படித்தான் தூங்குவாள், காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்து.

"துணியே இல்லியேம்மா" என்றார் அப்பா.

"இது எந்தக் காலத்துப் பொண்ணோப்பா. வா, வெளில போயிடலாம்."

"இங்கியும் சொல்றாம்மா. குளுருதுங்கறா."

தடுப்பதற்குள் பையிலிருந்து புடவையை எடுத்து உதறிவிட்டார். கண்ணாடியின்மேல் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை விரித்தார். காற்று புகக்கூடாது என்பதுபோல ஓரங்களைத் தட்டித் தட்டி இழுத்துவிட்டார். விரித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு பிணத்துக்குப் போட்ட கோடியை எடுத்து இன்னொரு பிணத்துக்குப் போடுவார்களா? அக்காவுக்கென்று கொண்டுவந்ததை யாரோ ஒருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்பா வெறும் கையோடு என்னைப் பார்த்து முழித்தார்.

அந்த நேரம் பார்த்து டேனியல் மாமா வந்தார். புடவையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "என்ன மாமா இது?" என்றார் மெதுவாக.

அப்பா முதல்முறையாக மருமகனிடம் வாய் திறந்தார். "ஒரு வருசமா வந்துக்கினே இருக்கறாப்பா. குளுருதுப்பா, குளுருதுப்பான்னு அதே பேச்சு. என்னால முடியல."

மாமாவின் முகம் வெளுத்தது. "அதேவா சொல்றா?"

"அதேதான்."

"கடைசியா அவ வாய்லேருந்து வந்தது அதான் மாமா. ஆஸ்பத்திரில கம்பளி மேல கம்பளி போத்தியும் நடுங்கிக்கினு இருந்தா. அப்பாவுக்குப் போன் போடுன்னா. போட்டு அவ காதுல வெச்சேன். குளுருதுப்பான்னு சொன்னா. அந்தப் பக்கம் எடுத்த மாரியும் இருந்துது, ஆனா சத்தமே இல்ல. கட்டாயிடுச்சு. டவர் இல்ல நீலா, அப்பாவுக்குக் கேட்டிருக்காதுன்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடினா."

எனக்கு எதுவும் புரியவில்லை. அப்படி ஒரு போன் வந்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா தலையைத் தூக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"நீ எடுத்தியாப்பா?"

"எடுத்தேன்."

"அவ சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. வெச்சிட்டேன்."

அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். செத்தவள் கோடி கேட்கிறாள் என்று ஒரு வருஷமாக ஊரே சேர்ந்து நம்பிக்கொண்டிருந்தோம். அவள் உயிரோடு கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்ட குரல்தான் அந்த வீட்டில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பேய் என்றால் தாயத்துக் கட்டலாம். இதற்கு என்ன கட்டுவது?

மாமா சுவரில் சாய்ந்து நின்றார். அழுதாரோ என்னவோ, இருட்டில் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"பொடவ இங்கியே இருக்கட்டும். பூட்டறப்போ நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். "ஆனா மாமா, அவகிட்ட ஒரு பொய்யச் சொல்லி அனுப்பிட்டேன். பொய்னு எனக்கே தெரியாது. நெசத்த நீங்கதான் சொல்லணும்."

கல்லறைத் தோட்டத்தில் கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சிமென்ட் மேடை, சிலுவை, அக்காவின் பெயர். என்னிடமும் பூகூட இல்லை. மாமா தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுப்பா" என்றேன்.

அவர் மண்டிபோட்டு, வெயிலில் காய்ந்த சிமென்ட்டில் கையை வைத்தார்.

"கேட்டுச்சும்மா" என்றார். "அன்னிக்கே கேட்டுச்சு."